வாடிய செடியிலிருந்து பெட்ரி தட்டு வரை: பயிர் நோயியல் லேபில் ஒரு கோடைப் பயிற்சி

கோடை விடுமுறைப் பயிற்சிக்காகப் பயிர் நோயியல் லேபில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாடிப்போன தக்காளிச் செடிகள் சில வந்திருந்தன. அவற்றை வாட வைத்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் என்று நிரூபிக்கவும் வேண்டும். இதில் கண்டுபிடிப்பு கொஞ்ச நாளில் முடிந்தது. விடுமுறையின் மீதியெல்லாம் நிரூபிப்பதற்கே போனது. அப்படிப் போனது சரிதான் என்பதற்குக் காரணம் கடைசியில் வரும். இதேபோலப் பயிற்சிக்குப் போகிற மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று, செய்த வேலையை அதன் காரணங்களோடு எழுதி வைக்கிறேன்.

முதலில் செடி, அப்புறம்தான் கத்தி

செடியை மேசைமேல் வைத்து நன்றாகப் பார்த்து, குறித்துக்கொள்ளாமல் அந்த லேபில் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. எந்த இலை முதலில் மஞ்சளானது? செடி முழுக்க வாடியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? வேரில் முடிச்சு இருக்கிறதா? தண்டின் அடியில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா? தக்காளி வாடுவதற்குக் காரணங்கள் ஏராளம். தண்ணீர் போதாமலும் வாடும், தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் வாடும். வேர்முடிச்சு நூற்புழு, ரால்ஸ்டோனியா என்கிற பாக்டீரியா, ஃபுசேரியம், வெர்டிசீலியம், ஸ்கிளீரோசியம் போன்ற பூஞ்சைகள் என்று பட்டியல் நீளும்.

எங்கள் செடிகளில் அடி இலைகள் மஞ்சளாகியிருந்தன, மேலே போகப் போகப் பச்சை. சில இலைகளில் நடுக்காம்புக்கு ஒரு பக்கம் இருந்த சிற்றிலைகள் மட்டும் மஞ்சள், மறுபக்கம் நல்ல பச்சை. இந்த ஒருபக்க மஞ்சள் ஃபுசேரியம் வாடலுக்கு நல்ல துப்பு. பாக்டீரியா வாடலாக இருந்தால் பெரும்பாலும் இலை பச்சையாக இருக்கும்போதே செடி சட்டென்று தொங்கிவிடும்.

தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பட்டைக்கு உள்ளே ஒரு பழுப்பு வளையம் தெரிந்தது. நீளவாக்கில் சீவினால் அந்தப் பழுப்பு கோடாக மேலே ஏறுவது தெரியும். அது சைலம், அதாவது வேரிலிருந்து நீரை மேலே கொண்டுபோகும் குழாய்கள். பூஞ்சை வேர் வழியாக உள்ளே போய் அந்தக் குழாய்களில் வளர்கிறது. அது மேலே பரவாமல் தடுக்கச் செடியும் பிசின் சுரந்து, டைலோஸ் எனப்படும் புடைப்புகளை உண்டாக்கித் தன் குழாய்களைத் தானே அடைக்கிறது. பூஞ்சையும் அடைக்க, செடியும் அடைக்க, நீர் மேலே ஏற வழியில்லாமல் போகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடுவது இதனால்தான்.

பழுப்பு வளையம் பாக்டீரியா வாடலிலும் வரும். அதைப் பிரித்தறிய ஒரு எளிய சோதனை இருக்கிறது. எந்தக் கருவியும் வேண்டாம். தண்டில் ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுனை மட்டும் நீருக்குள் தொங்கும்படி அசையாமல் வைக்க வேண்டும். ரால்ஸ்டோனியா இருந்தால் சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் நேராகக் கீழே இறங்கும். குவளைக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் தெளிவாகத் தெரியும். லேபில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த அக்கா ஒருவர், "அவசரப்படாத, குவளையத் தொடாத, பேசாம பாரு" என்று என்னை எதிரே உட்கார வைத்தார். எங்கள் தண்டுகளில் இழை எதுவும் இறங்கவில்லை. பாக்டீரியாவின் மேலிருந்த சந்தேகம் அதோடு பெருமளவு குறைந்தது.

ஊடகம் தயாரித்தல்

ஊடகம் என்பது பூஞ்சைக்கான உணவுக் கூழ். பூஞ்சை வளர்க்க வழக்கமாகப் பயன்படுவது பிடிஏ, அதாவது உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகார். ஒரு லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், கூழைக் கெட்டியாக்க 15 முதல் 20 கிராம் அகார். தோல் சீவி, துண்டு போட்டு, வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிய சாறுதான் வேண்டும். வடித்தபின் நீர் சேர்த்துக் கொள்ளளவைச் சரி செய்துவிட்டு மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். ரெடிமேட் பொடியும் கிடைக்கிறது. ஆனாலும் ஒரு தடவையாவது கிழங்கிலிருந்து செய்து பார்ப்பது நல்லது. ஊடகத்தில் என்ன இருக்கிறது என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

அகார் லேபுக்குள் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் 1880களின் தொடக்கத்தில் ஜெலட்டினில்தான் பாக்டீரியா வளர்த்தார்கள். உடல் வெப்ப அளவில் ஜெலட்டின் உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைக் கரைத்தும் விடும். அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான், சமையலில் தான் பயன்படுத்திவந்த அகாரைச் சொன்னார். அகார் கொதிநிலையை நெருங்கினால்தான் உருகும், ஆறும்போது 40 டிகிரி வாக்கில்தான் கெட்டியாகும், பெரும்பாலான நுண்ணுயிர்களால் அதைத் தின்னவும் முடியாது. மூடி போட்ட தட்டை ஜூலியஸ் பெட்ரி 1887-இல் கொண்டுவந்தார். இன்றுவரை நம் மேசையில் இருப்பது இந்த இரண்டும்தான்.

தயாரித்த ஊடகத்தை அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் கருவிதான் ஆட்டோகிளேவ். அதில் 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். எண்களை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். முக்கியமான விஷயம் வேறு: வால்வை மூடுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேற வேண்டும். காற்று தங்கிவிட்டால் அழுத்தமானி 15 காட்டினாலும் உள்ளே வெப்பம் 121-ஐத் தொட்டிருக்காது. அதேபோல முடிந்ததும் அழுத்தம் சுழிக்கு வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் குடுவையில் உள்ளதெல்லாம் பொங்கி வெளியே வந்துவிடும்.

ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கை ஊடகம் ஆறியபிறகுதான் சேர்க்க வேண்டும், ஆட்டோகிளேவின் வெப்பத்தை அது தாங்காது. குடுவையைக் கையில் பிடித்திருக்க முடிகிற சூடு, அதாவது சுமார் 50 டிகிரி, தட்டில் ஊற்றவும் சரியான நேரம். அதைவிடச் சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீர் சொட்டினால் ஒரு காலனி தட்டு முழுக்கப் பரவிவிடும். கெட்டியானதும் தட்டைத் தலைகீழாக வைப்பதும் இதற்காகத்தான். பெயர், தேதி எல்லாம் மூடியில் எழுதாமல் ஊடகம் இருக்கும் அடிப்பக்கத்தில் எழுத வேண்டும், மூடிகள் இடம் மாறிவிடும்.

எங்கே வெட்டுவது

இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். செடியில் எந்த இடத்தை வெட்டுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் தட்டில் எது முளைக்கிறது என்பது.

இலைப்புள்ளி நோய் என்றால், புள்ளியின் நடுவில் வெட்டினால் செத்த திசுவைத் தின்ன வந்த சாறுண்ணிகள்தான் கிடைக்கும். நோய் முன்னேறிக்கொண்டிருக்கும் ஓரத்தில், பாதி பச்சை பாதி பழுப்பாக வெட்ட வேண்டும். வாடல் நோயிலும் கணக்கு அதேதான். அழுகிய வேரில் எல்லாப் பூஞ்சையும் குடியிருக்கும். பழுப்பு ஏறியிருக்கிற, ஆனால் வெளியே பார்க்க நன்றாக இருக்கிற தண்டின் மேல்பகுதியில், குழாய்களுக்குள் ஏறிப்போகத் தெரிந்தது மட்டும்தான் இருக்கும். நாங்கள் வேண்டுமென்றே இரண்டு இடத்திலும் வெட்டினோம். தண்டின் மேல்பகுதியிலிருந்து ஒரு தொகுதி, வேரிலிருந்து ஒரு தொகுதி, தனித்தனியாகப் பெயரிட்டு.

துண்டுகளை ஓடும் நீரில் கழுவி, சில மில்லிமீட்டர் அளவில் நறுக்கி, 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒன்று இரண்டு நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். பிறகு கிருமிநீக்கம் செய்த நீரில் மூன்று முறை அலச வேண்டும். பழைய செய்முறைக் குறிப்புகளில் இதற்கு மெர்க்குரிக் குளோரைடு இருக்கும். அது கடும் விஷம், ஹைப்போகுளோரைட் இருக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். அலசியபின் கிருமிநீக்கிய வடிதாளில் வைத்து நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் துண்டைச் சுற்றி பாக்டீரியா வழவழவென்று பரவி, பூஞ்சையை வெளியே வர விடாது.

மேற்பரப்பு உண்மையிலேயே சுத்தமானதா என்று எப்படித் தெரியும்? அக்கா சொல்லிக்கொடுத்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்றாவது தடவை அலசிய நீரில் கொஞ்சத்தை எடுத்து ஒரு தனித் தட்டில் பரப்பி வைப்பது. அதில் எதுவும் முளைக்காவிட்டால், துண்டிலிருந்து முளைப்பது உள்ளேயிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒரு தட்டு செலவு, ஆனால் பின்னால் வரும் எல்லா முடிவும் அதன்மேல்தான் நிற்கிறது.

லேமினாருக்குள், அதாவது வடிகட்டிய சுத்தமான காற்று வீசும் மேடைக்குள், நடக்கிற வேலைக்கு நிறைய ஒழுங்கு உண்டு. உட்காருமுன் யுவி விளக்கை அணைக்க வேண்டும். மேடையையும் கையையும் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். சுத்த ஆல்கஹால் ஏன் கூடாது என்றால், நுண்ணுயிரின் புரதம் குலைவதற்கு நீரும் வேண்டும், நீர் கலந்தால் ஆவியாகவும் சற்று நேரம் எடுக்கும். ஆல்கஹால் காயுமுன் கையைச் சுடரருகே கொண்டுபோகக் கூடாது. திறந்த தட்டின் மேலாகக் கை குறுக்கே போகக் கூடாது. இவையெல்லாம் கைப்பழக்கம், சொல்லி வருவதல்ல.

முளைத்தவை

25 டிகிரிக்குச் சற்று மேலாக இன்குபேட்டரில் வைத்த தட்டுகளில் மூன்றாம் நாள் வாக்கில் தண்டுத் துண்டுகளைச் சுற்றி வெள்ளை இழைகள் வந்தன. அநேகமாக எல்லாத் துண்டிலும் ஒரே தோற்றம். நாள் போகப் போகத் தட்டின் அடியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் ஏறியது. வேர்த் தொகுதி அப்படியில்லை. சில துண்டுகளில் ட்ரைக்கோடெர்மா என்ற பூஞ்சை வந்து பச்சையாகத் தட்டையே மூடிவிட்டது. சிலவற்றில் கறுப்பாக அஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சை. சிலவற்றில் தண்டுத் தொகுதியில் பார்த்த அதே வெள்ளை, அதே ஊதா. அலசல் நீர் பரப்பிய தட்டு காலியாகவே இருந்தது.

அடுத்தது ஒற்றை ஸ்போர் பிரித்தல். ஸ்போர் என்பது பூஞ்சைக்கு விதை மாதிரி. ஒரு காலனி ஒரே பூஞ்சையாகத் தெரிந்தாலும் அதில் இரண்டு கலந்திருக்கலாம். ஒரே ஸ்போரிலிருந்து வளர்த்தால்தான் அது ஒன்றே ஒன்று என்று உறுதி. ஸ்போர் கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, சத்து ஏதும் சேர்க்காத வெறும் நீர் அகாரில் பரப்பி, மறுநாள் காலையில் தட்டைத் தலைகீழாக மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தேட வேண்டும். முளைவிட்ட ஸ்போர் ஒன்று, பக்கத்தில் வேறெதுவும் இல்லாமல் தனியாக இருக்கும் இடத்தைப் பிடித்து, அடிப்பக்கத்தில் மார்க்கரால் புள்ளி வைத்து, லேமினாருக்குள் அந்தப் புள்ளிக்கு மேலுள்ள அகாரைச் சிறு கட்டியாக வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். ஆனால் ஒரு ஸ்போர் மெல்லிய குழாய் ஒன்றை நீட்டிக்கொண்டு தனியாகக் கிடப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற சாயம் போட்டு ஸ்லைடு செய்து பார்த்தோம். அரிவாள் வடிவப் பெரிய ஸ்போர்கள், பெரும்பாலும் மூன்று தடுப்புகளுடன். கூடவே சிறிய முட்டைவடிவ ஸ்போர்கள் குட்டையான காம்பு நுனிகளில் கொத்தாக. காம்பு குட்டை என்பதைக் கவனிக்க வேண்டும், ஃபுசேரியம் சொலானியில் அது நீளமாக இருக்கும். பழைய தட்டுகளில் தடித்த சுவருடன் கிளமைடோஸ்போர்களும் வந்தன. மண்ணில் செடியே இல்லாமல் இந்தப் பூஞ்சை பல ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது இவற்றால்தான். எல்லாம் ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பக்கமே கை காட்டின. தண்டிலிருந்து எடுத்ததும் சரி, வேரிலிருந்து எடுத்ததும் சரி, மைக்ராஸ்கோப்பில் வித்தியாசமே தெரியவில்லை.

நிரூபணம்

எங்கள் வேலையை மேற்பார்த்த மேடம் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம்னு எழுதியிருக்க, சரி. வாடவச்சது அதுதான்னு யார் சொன்னா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அந்தப் பூஞ்சையின் எத்தனையோ வகைகள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் மண்ணிலும் வேரிலும் வாழ்கின்றன. நோய் உண்டாக்குபவை எந்தச் செடியைத் தாக்குகின்றன என்பதை வைத்துத் தனி உருவகங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, அப்படி நூற்றுக்கு மேல் உண்டு. தக்காளியை வாட வைப்பது லைகோபெர்சிசி. வாழையில் பனாமா வாடல் கொண்டுவருவது க்யூபென்ஸ். தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

இதற்குத்தான் கோக்கின் விதிகள். நோயுற்ற செடியில் அந்த உயிரி இருக்க வேண்டும், அதைத் தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும், ஆரோக்கியமான செடிக்குக் கொடுத்தால் அதே நோய் வர வேண்டும், அந்தச் செடியிலிருந்து அதே உயிரி திரும்பக் கிடைக்க வேண்டும். தாவரத்தில் இந்த வழியில் யோசித்தவர்கள் கோக்குக்கும் முன்பே உண்டு. 1845-இல் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு அழுகி அயர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தபோது, அழுகலால்தான் பூசணம் வந்தது என்று பலர் நம்பினார்கள். பூசணத்தால்தான் அழுகல் என்று 1860களில் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி ஆரோக்கியமான செடிகளில் ஸ்போர்களை வைத்துக் காட்டினார்.

நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகத்தின் இளம் நாற்றுகளை எடுத்துக்கொண்டோம். மண்கலவையை முன்பே ஆட்டோகிளேவ் செய்திருந்தோம். ஸ்போர் எண்ணிக்கைக்கு ஹீமோசைட்டோமீட்டர், அதாவது கட்டங்கள் பொறித்த எண்ணும் கண்ணாடித் தகடு. அதன் நடுச்சதுரத்தின் கொள்ளளவு ஒரு மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அங்குள்ள 25 கட்டங்களிலும் சேர்த்து 300 ஸ்போர் என்றால் ஒரு மில்லிக்கு 30 லட்சம். நமக்கு வேண்டியது 10 லட்சம், அப்போது ஒரு பங்கு கரைசலுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்தால் போதும். கட்டத்தின் கோட்டின் மேலேயே இருக்கும் ஸ்போரை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். மேல், இடது கோட்டில் இருப்பதை எண்ணு, கீழ், வலதில் இருப்பதை விடு என்பது வழக்கம்.

நாற்றின் வேரைக் கழுவி, நுனியைச் சிறிது கத்தரித்து, கரைசலில் அரைமணி நேரம் நனைத்து நட்டோம். தண்டுத் தொகுதியின் பூஞ்சைக்கு ஒரு வரிசை, வேர்த் தொகுதியின் பூஞ்சைக்கு ஒரு வரிசை. மூன்றாவது வரிசைக்கு வெறும் நீர், ஆனால் வேர் கத்தரிப்பது உட்பட மற்ற எல்லாம் அப்படியே. கத்தரித்ததால்தான் வாடியது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. நட்ட அன்று மூன்று வரிசையும் தலைதொங்கியது. இடம்பெயர்ந்த எந்த நாற்றும் அப்படித்தான் செய்யும், ஓரிரு நாளில் எல்லாம் நிமிர்ந்துகொண்டன. அதன் பிறகு வருவதுதான் கணக்கு. மண் வெப்பம் 28 டிகிரி வாக்கில் இருந்தால் ஃபுசேரியம் வாடல் வேகமாக வரும், அதைத் தினமும் பார்த்துக் குறித்தோம்.

முதல் வரிசையில் அடி இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. அதே ஒருபக்க மஞ்சள். பிறகு பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தன, கடைசியில் நிமிராமலே போயின. மூன்றாவது வரிசை பச்சையாக நின்றது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது இரண்டாவது வரிசையைத்தான். வேரிலிருந்து எடுத்த அந்தப் பூஞ்சை கொடுத்த நாற்றுகள் கடைசிவரை வாடவேயில்லை, நீர் கொடுத்த வரிசையோடு சரிக்குச் சரியாக வளர்ந்தன. தண்டைச் சீவிப் பார்த்தபோது பழுப்பும் இல்லை.

அதே காலனி, அதே நிறம், அதே ஸ்போர். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் செய்து, பூஞ்சைகளை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியைப் படித்தபோதும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை, ஃபுசேரியத்தில் அந்தப் பகுதி நுட்பமாகப் பிரித்துக் காட்டாது என்பது தெரிந்ததுதான். ஒன்று செடியைக் கொல்கிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது. நாங்கள் வேரோடு நிறுத்தியிருந்தால், பெயர் சரியாகவும் ஆள் தவறாகவும் ஒரு அறிக்கை போயிருக்கும்.

இதற்கு ஒரு விளக்கம் 2010-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வில் இருக்கிறது. தக்காளியைத் தாக்கும் ஃபுசேரியத்தின் 14ஆம் குரோமோசோமில், சைலத்துக்குள் சுரக்கப்படும் புரதங்களுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. அந்த ஆய்வில் இதையும் நோய் உண்டாக்காத ஒரு வகையையும் சேர்த்து வளர்த்தபோது அந்தக் குரோமோசோம் நோய் உண்டாக்காத வகைக்குத் தாவியது, தாவியபின் அதுவும் தக்காளியை வாட வைத்தது. இதை அக்கா எனக்கு விளக்கியபோது, அந்த இரண்டாவது வரிசை நாற்றுகளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

கடைசி விதி பாக்கி இருந்தது. வாடிய நாற்றின் தண்டிலிருந்து, வேருக்கு நன்றாக மேலே, மறுபடி துண்டுகள் எடுத்து அதே முறையில் வைத்தோம். அதே பூஞ்சை திரும்பி வந்தது. நீர் கொடுத்த நாற்றுகளின் தண்டில் எதுவும் வரவில்லை.

ஒப்படைக்குமுன்

பயன்படுத்திய தட்டு, மண், தொட்டி, செடி எதையும் அப்படியே வெளியே போடக் கூடாது. எல்லாம் ஆட்டோகிளேவ் ஆன பிறகுதான் குப்பைக்கு. கிளமைடோஸ்போர் ஒரு தோட்டத்து மண்ணுக்குப் போய்விட்டால் அங்கே தக்காளி வைப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் தலைவலி.

இரண்டு கல்ச்சரையும் சாய்வுக் குழாய்களில் 4 டிகிரியிலும், வடிதாள் துண்டுகளில் படரவிட்டு உலர்த்தியும் சேமித்தோம். வாட வைக்காத கல்ச்சரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். மேடம் கூடாது என்றார். நோய் உண்டாக்காத ஃபுசேரியம் வேரில் இடம்பிடித்துக்கொண்டு நோய்க்காரணியைத் தடுக்கிற சந்தர்ப்பங்கள் உண்டு, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்றார்.

தக்காளியை வாட வைக்கும் இந்தப் பூஞ்சையிலும், எந்த ரகத்தைத் தாக்கும் என்பதை வைத்து மூன்று இனங்கள் உண்டு. வாட வைத்த கல்ச்சர் அதில் எந்த இனம் என்பதும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஐ என்ற எதிர்ப்பு மரபணு உள்ள தக்காளி ரகம் முதல் இனத்தைத் தாங்கும், ஐ-2 உள்ளது இரண்டாவதைத் தாங்கும், மூன்றாவதற்கு ஐ-3 வேண்டும். அந்த ரகங்களின் விதைகளைக் குழித்தட்டில் போட்டு, என் நோட்டை மேடத்திடம் கொடுத்துவிட்டு வந்தேன். முளைத்ததும் அக்கா பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.